பன்னிரு காய்களின் கதை

நிரம்பிய நூற்கல்வி இன்றி அவையிலே பேசப் புகுவது, அரங்கு வகுக்காமல் வட்டாடப் புகுவதை ஒக்கும் என்பது திருவள்ளுவர் கல்லாமை அதிகாரத்தின் தொடக்கத்திலே காட்டும் உவமை. அரங்கு என்பது ஆட்டத்திற்கென வரைந்துகொள்ளும் கட்டம். கட்டம் இல்லையேல் ஆட்டம் இல்லை. விதி இல்லையேல் காய் வெறுங் கல்லே. நிலத்திலே கீறிய சில கோடுகளும் கையளவு கூழாங்கற்களும் ஓர் ஆட்டமாக மாறுவது, இருவர் ஒரே விதிக்குத் தலைவணங்க இசையும் அந்தக் கணத்திலேதான். மனித சமுதாயம் விதிக்கு அடங்கி வாழப் பழகியதன் வரலாற்றை அறிய விரும்புவோர், அரசர்களின் சாசனங்களை மட்டுமன்றி, திண்ணைகளிலும் கோயிற் படிகளிலும் கீறப்பட்ட கட்டங்களையும் நோக்குதல் வேண்டும்.

அவ்வாறு நோக்கத்தக்க ஆட்டங்களுள் ஒன்று, ஆங்கிலேயர் 'டிராட்ஸ்' என்றும் அமெரிக்கர் 'செக்கர்ஸ்' என்றும் வழங்குவது. இலங்கையிலே இது 'தாம்' என்று பெயர் பெறும். பிரெஞ்சுக்காரர் இதனைச் 'சீமாட்டிகளின் ஆட்டம்' என்று பொருள்படுமாறு 'டாம்' என்பர். போர்த்துக்கேயர் 'டாமாஸ்' என்பர். ஒல்லாந்தர் 'டம்' என்பர். இலங்கையில் வழங்கும் பெயர் இவ்வைரோப்பியப் பெயர்களோடு நெருங்கி ஒத்திருத்தல் கவனிக்கத்தக்கது.

ஆங்கில முறைப்படி இவ்வாட்டத்தின் அமைப்பு மிக எளிது. சதுரங்கப் பலகையின் 64 கட்டங்களுள் கருங்கட்டங்கள் 32 மட்டுமே இதற்குப் பயன்படும். ஆடுவோர் ஒவ்வொருவரின் இடக்கைப் பக்க மூலையிலும் கருங்கட்டம் அமையும்படி பலகை வைக்கப்படும். ஒவ்வொருவருக்கும் பன்னிரண்டு காய்கள். அவை தத்தம் பக்கத்து மூன்று வரிசைகளில் நிற்கும். இடையிலே இரண்டு வரிசைகள் வெறுமையாய்க் கிடக்கும். கருங்காய் உடையவர் முதலில் ஆடுவார். காய் மூலைவிட்டமாக ஒரு கட்டம் முன்னே செல்லும், பின்வாங்காது. பகைக் காய் அடுத்த கட்டத்தில் நின்று, அதற்கு அப்பாலுள்ள கட்டம் வெறுமையாய் இருப்பின், அதனைத் தாண்டி வெட்டலாம். வெட்டிய இடத்திலிருந்து மேலும் ஒரு காயை வெட்ட வழியிருந்தால், அதே முறையிலே அதனையும் வெட்டிச் செல்லவேண்டும். எதிரியின் கடைசி வரிசையை எட்டிய காய்மேல் மற்றொரு காய் ஏற்றி வைக்கப்படும். அது அன்று முதல் அரசன். அரசன் முன்னும் பின்னும் செல்வான். எதிரியின் காய்களையெல்லாம் வெட்டியோ, அவை அசைய வழியின்றி அடைத்தோ வெற்றி பெறுவதே ஆட்டத்தின் முடிவு.

இவ்வளவுதான் விதி. எட்டு வயதுப் பிள்ளை அரை மணி நேரத்திலே கற்றுக்கொள்ளும். ஆயினும் இவ்விதிகள் ஒரே நாளிலே, ஒரே மனிதனின் சிந்தனையிலே தோன்றியவை அல்ல. ஒவ்வொன்றும் வெவ்வேறு காலத்திலே, வெவ்வேறு நாட்டிலே வந்து சேர்ந்தது. ஆற்றிலே கிளைகள் வந்து கலப்பது போன்றது அந்த வரலாறு.

இவ்வாட்டத்திற்கு மிகப் பழைய பிறப்பைக் கற்பிப்போர் பலர். கிரேக்க ஞானி பிளேட்டோ, எகிப்தியத் தெய்வமாகிய தோத் எண்ணையும் எழுத்தையும் ஆட்டங்களையும் கண்டுபிடித்ததாக ஒரு கதை கூறுகிறார். ஓமரின் ஒதிசி காவியத்திலே, பெனலோப்பியை மணக்க வந்தோர் வாயிலின் முன்னே காய் நகர்த்தி ஆடிக்கொண்டிருந்தனர். இவ்விடங்களை ஆங்கிலத்திலே பெயர்த்தவர்கள் தமக்குத் தெரிந்த 'டிராட்ஸ்' என்னும் சொல்லையே வைத்தனர். அதனாற் பழங்கிரேக்கரும் இதே ஆட்டத்தை ஆடினர் என்னும் எண்ணம் பரவிற்று. சொல் ஒன்றாயினும் பொருள் ஒன்றன்று. கிரேக்கரின் காயாட்டத்திலும் உரோமரின் 'லத்ருங்குலி' என்னும் போராட்டத்திலும், பகைக் காயை இருபுறமும் நெருக்கிச் சிறைப்படுத்துவதே வெட்டும் முறை. தாம் ஆட்டத்திலோ தாண்டி வெட்டுவதே முறை. ஆட்டங்களின் உறவை அறிவதற்குப் பெயரை அன்று, வெட்டும் முறையையே பார்த்தல் வேண்டும். குலத்தை முகச்சாயல் காட்டுவது போல, ஆட்டத்தின் குலத்தை அது காட்டும்.

தாண்டி வெட்டும் குலத்தின் மூத்த ஆட்டமாக அறியப்படுவது அராபியரின் 'அல்கிர்க்கத்'. பத்தாம் நூற்றாண்டிலே, 967ஆம் ஆண்டளவில் மறைந்த அபுல் பரச் அல் இஸ்பகானி தொகுத்த 'பாடல்களின் நூல்' என்னும் பெருந்தொகுப்பிலே இப்பெயர் காணப்படுகிறது. அராபியரோடு அவ்வாட்டம் ஸ்பெயினை அடைந்தது. அங்கே பத்தாம் அல்பொன்சோ என்னும் அரசன் 1283ஆம் ஆண்டு முற்றுவித்த ஆட்டங்கள் பற்றிய நூலிலே அது 'அல்கெர்க்கே' என்னும் பெயரோடு விளக்கப்பட்டுள்ளது. இந்நூலின் முகப்பிலே ஓர் இனிய கதை உண்டு. இந்திய அரசன் ஒருவன் மூன்று ஞானிகளை அழைத்து, உலகிலே மேலானது அறிவா, ஊழா என்று வினவினான். ஒருவர் அறிவே என்று சதுரங்கத்தைக் காட்டினார். மற்றொருவர் ஊழே என்று கவற்றைக் காட்டினார். மூன்றாமவர் இரண்டும் கலந்ததே வாழ்க்கை என்று, கவறுருட்டிக் காய் நகர்த்தும் ஆட்டத்தைக் காட்டினார். இப்பாகுபாட்டிலே அல்கெர்க்கே அறிவின் பக்கத்தைச் சேர்ந்தது. அதிலே கவறு இல்லை.

ஐந்து கோடு நெடுக்கும் ஐந்து கோடு குறுக்குமாக வரைந்து, மூலைவிட்டங்களும் இட்டால், கோடுகள் கூடும் புள்ளிகள் இருபத்தைந்து. ஒவ்வொருவருக்கும் பன்னிரண்டு காய்கள். ஆக இருபத்துநான்கு புள்ளிகள் நிரம்ப, நடுப்புள்ளி ஒன்றே வெறுமையாயிருக்கும். முதல் ஆட்டக்காரர் அந்த ஒரே வெற்றிடத்துக்குக் காய் நகர்த்தியே தொடங்கவேண்டும். தொடங்கியவுடனேயே வெட்டு நிகழும். ஆகவே பன்னிரண்டு என்னும் எண்ணிக்கை தாம் ஆட்டத்திலே பிறந்ததன்று. இருபத்தைந்து புள்ளிகளிலே ஒன்றை விட்டு மிகுதியை இரண்டாய்ப் பகுத்ததனாலே வந்தது.

இந்த அரங்கின் பழமையைப் பற்றிய ஆராய்ச்சியிலே இலங்கைக்கும் ஒரு பங்கு உண்டு. 1873ஆம் ஆண்டு முதல் 1904ஆம் ஆண்டு வரை இத்தீவிலே நீர்ப்பாசனப் பொறியியலாளராகப் பணியாற்றிய என்றி பாக்கர் என்னும் ஆங்கிலேயர், 1909ஆம் ஆண்டு வெளியிட்ட 'பண்டைய இலங்கை' என்னும் நூலிலே, ஊர் மக்களின் ஆட்டங்களுக்கென ஒரு பகுதியை ஒதுக்கினார். குளங்களின் அணைகளை அளக்கச் சென்றவர், அவற்றின் அருகே வாழ்ந்த மக்கள் எவ்வாறு பொழுதுபோக்கினர் என்பதையும் குறித்துவைத்தார். எகிப்தின் குர்ணா கோயிற் கூரைக் கற்களிலே அல்கெர்க்கே போன்ற கட்டங்கள் கீறப்பட்டிருப்பதையும் அவர் எடுத்துக்காட்டி, அவை கி.மு. 1400ஆம் ஆண்டளவின என்று கருதினார். பிற்கால ஆராய்ச்சியாளர் இக்கருத்தை அப்படியே ஏற்கவில்லை. அக்கீறல்களின் இடையே கிறித்தவச் சிலுவைகளும் இருப்பதால், கோயில் எழுந்து பல நூற்றாண்டுகளின் பின்னர் வந்தோர் கீறியனவாகவும் இருக்கலாம் என்பது அவர்கள் வாதம். கல்லின் வயது வேறு, கல்லின்மேற் கீறலின் வயது வேறு என்னும் பாடத்தை வரலாற்று மாணவர் இதிலிருந்து கற்றுக்கொள்ளலாம்.

பாக்கர் இலங்கையிலே கண்ட ஆட்டங்களுள் ஒன்று 'பெரலிகட்டும' என்பது. அல்கெர்க்கே அரங்கின் நான்கு பக்கங்களிலும் முக்கோணங்கள் சேர்ந்து, புள்ளிகள் நாற்பத்தொன்பதாகப் பெருகியிருக்கும். இருவருக்கும் தலைக்கு இருபத்துமூன்று காய்கள். நடுவிலே மூன்று புள்ளிகள் மட்டும் வெறுமை. வெட்டும் முறை தாண்டி வெட்டுவதே. தமிழர் ஆடும் ஆடுபுலி ஆட்டத்திலும், யாழ்ப்பாணத்திலே 'நாயும் புலியும்' என வழங்கும் ஆட்டத்திலும், சிங்கள மக்களின் சிறுத்தை ஆட்டத்திலும் இதே தாண்டுதல் உண்டு. ஆயின் அங்கே ஒரு வேறுபாடு. புலி மட்டுமே தாண்டி வெட்டும், ஆடு வெட்டாது. தமிழ்நாட்டிலே பெரும்பாலும் மூன்று புலிகளுக்கு எதிரே பதினைந்து ஆடுகள் நிற்கும். வலியது தாவிக் கொல்லும். எளியது ஒன்றுகூடி வழியடைக்கும். சமபலம் உடைய இரு சேனைகளின் போர் தாம் என்றால், சமமற்ற பலங்களின் போர் ஆடுபுலி. இரண்டும் ஒரே தாவலிலிருந்து வளர்ந்த இருவேறு சிந்தனைகள்.

அல்கெர்க்கே எவ்வாறு தாம் ஆயிற்று? ஆட்ட வரலாற்றாசிரியருள் தலைசிறந்தவரும், பாடசாலைப் பரிசோதகராய்ப் பணியாற்றியவருமாகிய எச். ஜே. ஆர். மறி, 1952ஆம் ஆண்டு வெளிவந்த தமது நூலிலே இதற்கு விடை கூறுகிறார். பன்னிரண்டாம் நூற்றாண்டளவிலே, பிரான்சின் தென்பகுதியிலே யாரோ ஒருவர் அல்கெர்க்கேயின் பன்னிரு காய்களையும் சதுரங்கப் பலகைக்கு மாற்றினார் என்பது அவர் கருத்து. அக்காலச் சதுரங்கத்திலே அரசனுக்குப் பக்கத்தில் நின்ற மந்திரிக் காய் மூலைவிட்டமாக ஒரு கட்டமே செல்லும். அதன் பெயர் 'பியர்ஸ்'. புதிய ஆட்டத்தின் காய்களும் அவ்வாறே சென்றமையால் அவற்றுக்கும் அப்பெயரே வந்தது. சதுரங்கத்தின் மந்திரி ஐரோப்பாவிலே சீமாட்டியாக, அரசியாக மாறியபோது, இந்த ஆட்டமும் சீமாட்டிகளின் ஆட்டம் ஆயிற்று. எதிர்க்கரை சேர்ந்த காலாள் உயர்வு பெறும் சதுரங்க வழக்கமே, கடைசி வரிசை எட்டிய காய் முடிசூடும் விதிக்கும் வழிகாட்டியது. ஆகவே இவ்வாட்டத்திற் காய்களின் எண்ணிக்கையும் தாண்டலும் அராபியரிடமிருந்து வந்தவை. பலகையும் நடையும் முடிசூட்டும் சதுரங்கத்திலிருந்து வந்தவை. அச்சதுரங்கமோ இந்தியாவிற் பிறந்து பாரசீகம் வழியாகச் சென்றது. எனினும் தாமின் பிறப்பிடம் பிரான்சு அன்று, ஸ்பெயினே என்றும், அது பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியிலே, அரசிக்குப் புதிய ஆற்றல் கொடுத்த புதுச் சதுரங்கத்தோடு தோன்றியது என்றும் வாதிடும் ஆராய்ச்சியாளரும் உளர். இவ்வாட்டம் பற்றிய முதல் அச்சு நூல்கள் 1547ஆம் ஆண்டு தொடக்கம் ஸ்பெயினிலேயே வெளிவந்தமை அவர்களுக்குத் துணையாகும்.

இதற்குப் பின்னர் வந்து சேர்ந்த விதி ஒன்றுண்டு. ஆட்டத்தின் உயிரே அதுதான் எனலாம். வெட்ட வழியிருந்தால் வெட்டியே தீரவேண்டும் என்பதே அவ்விதி. முன்னாளிலே வெட்டுவதும் விடுவதும் ஆடுவோர் விருப்பம். பதினாறாம் நூற்றாண்டிலே பிரான்சில் இரு முறைகளும் அருகருகே வழங்கின. விருப்பம்போல் ஆடுவது 'இன்ப ஆட்டம்'. வெட்டியே ஆகவேண்டியது 'கட்டாய ஆட்டம்'. பெயரளவிலே இன்ப ஆட்டமே மக்களைக் கவர்ந்திருத்தல் வேண்டும். நடந்ததோ மறுதலை, கட்டாய ஆட்டமே நிலைத்தது. காரணம் வெளிப்படை. எதிரி வெட்டியே ஆகவேண்டும் என்பது தெரிந்தால், ஒரு காயை இரையாக வைத்து அவனைத் தான் விரும்பிய கட்டத்துக்கு இழுத்துவரலாம். ஒன்றைக் கொடுத்து இரண்டை, இரண்டைக் கொடுத்து மூன்றை வெட்டலாம். விதி ஒருவனுடைய கையைக் கட்டுவது போலத் தோன்றினும், அதே விதி இருவர் கையையும் கட்டுவதால், அறிவுக்குப் புதிய வாசல் ஒன்று திறந்தது.

வெட்ட மறந்தவனுக்குத் தண்டனையும் இருந்தது. வெட்டியிருக்கவேண்டிய காயை எதிரி எடுத்து, அதன்மேல் வாயால் ஊதிப் பலகையினின்றும் நீக்கிவிடுவான். பின்னர்த் தன் ஆட்டத்தையும் ஆடுவான். 'ஊதுவது ஆட்டமாகாது' என்பது பிரெஞ்சு மக்களின் பழமொழியாகவே ஆயிற்று. இக்காலப் போட்டிகளிலே இவ்வழக்கம் இல்லை. வெட்டத் தவறினால் அவ்வாட்டத்தைத் திருத்தி வெட்டச் செய்வதே விதி.

பிரெஞ்சு நாட்டிலும் ஒல்லாந்து நாட்டிலும் பதினெட்டாம் நூற்றாண்டிலே பலகை பெரிதாயிற்று. 'போலந்து ஆட்டம்' எனப் பெயர் பெற்ற அம்முறையிலே நூறு கட்டங்கள். தலைக்கு இருபது காய்கள். சாதாரணக் காயும் பின்னோக்கி வெட்டலாம். அரசன் வெறுமையான மூலைவிட்டம் முழுவதும் பறந்து செல்லலாம். மிகுதியான காய்கள் வெட்டப்படும் வழியையே தேர்ந்துகொள்ளவேண்டும். இன்று உலகப் போட்டிகளிலே ஆடப்படுவனவற்றுள் இது முதன்மையானது. கனடா நாட்டு முறையிலே 144 கட்டங்களும் தலைக்கு முப்பது காய்களும் உண்டு. உருசிய முறை 64 கட்டங்களோடு நின்றபோதும், பறக்கும் அரசனை ஏற்றுக்கொண்டது. துருக்கி முறையோ முற்றிலும் வேறு. அங்கே கட்டங்கள் அனைத்தும் பயன்படும். பதினாறு காய்கள் நேராகவும் பக்கவாட்டிலும் செல்லும். மூலைவிட்டமாக ஆடும் முறைகளுள் ஒரு பொதுமை காணலாம். எட்டின் பலகையாயினும், பத்தின் பலகையாயினும், பன்னிரண்டின் பலகையாயினும், இரு சேனைகளுக்கும் நடுவே வெறுமையாய் நிற்பது இரண்டு வரிசைகளே.

இங்கிலாந்திலே 1756ஆம் ஆண்டு வில்லியம் பெயின் என்னும் கணித ஆசிரியர் இவ்வாட்டம் பற்றிய நூலொன்றை வெளியிட்டார். அதற்கு முன்னுரையும் சமர்ப்பணமும் எழுதிக் கொடுத்தவர், அகராதி ஆக்கிய சாமுவேல் யோன்சன். மனத்தை எச்சரிக்கைக்கும் முன்னறிவுக்கும் பழக்கும் எதனையும் அற்பம் என்று தள்ளலாகாது என்பது அவர் அங்கே கூறிய கருத்து. அமெரிக்க எழுத்தாளர் எட்கார் அலன் போ ஒருபடி மேலே சென்றார். 1841ஆம் ஆண்டு வெளியான தமது துப்பறியும் கதை ஒன்றின் தொடக்கத்திலே, பலவகைக் காய்களும் பலவகை நடைகளும் கொண்ட சதுரங்கத்தைவிட, எளிய காய்கள் கொண்ட இவ்வாட்டமே ஆழ்ந்த சிந்தனையை வேண்டுவது என்று அவர் வாதிட்டார். சதுரங்கத்திலே வெல்பவன் பெரும்பாலும் கவனம் மிக்கவன்; இங்கே வெல்பவன் கூர்மை மிக்கவன் என்பது அவர் கருத்து.

ஆயினும் கூர்மை மிகுந்தபோது ஆட்டத்துக்கே ஓர் இடையூறு வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே ஸ்கொத்லாந்து பெருவீரர்களின் நாடாக விளங்கிற்று. மாடு மேய்த்த சிறுவன் என்னும் பட்டப்பெயர் கொண்ட யேம்ஸ் வைலியும், அண்ட்ரூ அண்டர்சனும் அவர்களுள் முதன்மையானோர். அத்தகையோர் மோதியபோது, தவறு செய்ய அஞ்சி, நன்கு பழகிய தொடக்கங்களையே திரும்பத் திரும்ப ஆடினர்; ஆட்டங்கள் வெற்றி தோல்வியின்றிச் சமனாகவே முடிந்தன. இதற்கு மாற்றாக, முதல் இரண்டு நகர்வுகளைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிக்கும் வழக்கம் வந்தது. பின்னர் 1934ஆம் ஆண்டு முதல் அமெரிக்காவிலே முதல் மூன்று நகர்வுகளையும் அவ்வாறு தீர்மானிக்கும் முறை ஏற்பட்டது. அறிவின் ஆட்டமாகப் பிறந்ததிலே, அறிவு முற்றியமையால், ஊழுக்கும் சிறிது இடம் கொடுக்க நேர்ந்தது. அல்பொன்சோவின் மூன்றாம் ஞானி கேட்டிருப்பின் புன்னகை புரிந்திருப்பார்.

இருபதாம் நூற்றாண்டிலே இவ்வாட்டத்திற்கு எதிர்பாராத மாணாக்கன் ஒருவன் வந்தான். அவன் இயந்திரம். இங்கிலாந்திலே பாடசாலை ஆசிரியராயிருந்த கிறிஸ்தோபர் ஸ்திரேச்சி, 1951ஆம் ஆண்டிலும் 1952ஆம் ஆண்டிலும், அக்காலத்துப் பெருங்கணனிகளுக்கு இவ்வாட்டத்தைக் கற்பிக்க முனைந்து வெற்றி கண்டார். அமெரிக்காவிலே ஆதர் சாமுவேல் என்பவர், தான் ஆடிய ஆட்டங்களிலிருந்து தானே பாடம் கற்றுத் திருந்தும் கணனி நிகழ்ச்சியொன்றை ஆக்கி, அதுபற்றிய ஆய்வுரையை 1959ஆம் ஆண்டு வெளியிட்டார். கற்கும் இயந்திரம் என்னும் எண்ணம் உலகிலே வேரூன்றுவதற்குப் பன்னிரு காய்கள் உதவின.

மனிதர் பக்கத்திலே நின்றவர் மேரியன் தின்சிலி. 1927ஆம் ஆண்டு அமெரிக்காவிலே ஒகாயோ மாநிலத்திற் பிறந்து, கணிதப் பேராசிரியராய் விளங்கிய இவர், 1950ஆம் ஆண்டு முதல் தமது மறைவு வரையில் தோற்ற ஆட்டங்கள் ஏழே என்பர். கனடாவின் அல்பேட்டா பல்கலைக்கழகத்திலே யொனதன் சேபர் என்பவரும் அவர் துணைவரும் 1989ஆம் ஆண்டு 'சினூக்' என்னும் கணனி நிகழ்ச்சியை ஆக்கத் தொடங்கினர். 1990ஆம் ஆண்டு நடந்த நட்பு ஆட்டமொன்றிலே சினூக் தன் பத்தாம் நகர்வை ஆடியதும், அதற்காக வருந்த நேரும் என்று தின்சிலி உடனே கூறினார். பல நகர்வுகள் சென்றபின்னரே இயந்திரம் தன் தோல்வியை உணர்ந்தது. 1992ஆம் ஆண்டு இலண்டனிலே இருவரும் பட்டத்துக்காக மோதினர். தின்சிலி நான்கு ஆட்டம் வென்றார்; சினூக் இரண்டு வென்றது; முப்பத்துமூன்று சமனாயின. 1994ஆம் ஆண்டு பொஸ்தனிலே மீண்டும் மோதினர். ஆறு ஆட்டங்கள் சமனாய் முடிந்த நிலையிலே தின்சிலி நோயுற்று விலகினார். பட்டம் இயந்திரத்தைச் சேர்ந்தது. 1995ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் அவர் புற்றுநோயால் மறைந்தார். வெல்லப்படாமலே பட்டத்தை விட்டுச் சென்றார் என்பது அவருக்குப் பெருமை. வெல்லாமலே பட்டம் பெற்றோம் என்பது சேபர் குழுவினருக்கு ஆறாத குறை.

அக்குறையைத் தீர்க்கவே போலும், அவர்கள் மற்றொரு வழியை நாடினர். ஒரு மனிதரை வெல்வதற்குப் பதிலாக, ஆட்டத்தையே ஆராய்ந்து முடிப்பது அவ்வழி. இப்பலகையிலே அமையக்கூடிய நிலைகள் ஐந்துக்குப் பின்னே இருபது சுழியங்கள் இட்ட தொகையினவாகும். பதினெட்டு ஆண்டு காலப் பணியின் இறுதியிலே, 2007ஆம் ஆண்டு, அவர்கள் தம் முடிபை வெளியிட்டனர். இருவரும் பிழையின்றி ஆடினால் ஆட்டம் சமனாகவே முடியும் என்பதே அம்முடிபு.

அப்படியாயின் ஆட்டம் முடிந்துவிட்டதா? இல்லை. அது கூறுவது பிழையற்றோரின் ஆட்டத்தைப் பற்றியே. பிழையற்ற மனிதர் எங்கும் இல்லை. தின்சிலியும் ஏழு முறை தோற்றார். பலகையின் எதிரே இருவர் அமர்ந்து, வெட்ட வழியிருந்தால் வெட்டுவோம், தொட்ட காயை ஆடுவோம், தோற்றால் ஒப்புக்கொள்வோம் என்று சொல்லாமலே உடன்படும்போது நிகழ்வது, எந்தக் கணனியும் முன்கூட்டித் தீர்த்துவைக்க இயலாத ஒன்று. அராபியர் மணலிலே கீறிய அரங்கும், இலங்கைக் கிராமத்தார் நிலத்திலே கீறிய அரங்கும், இலண்டனிலே விரிக்கப்பட்ட பலகையும் அவ்வுடன்பாட்டுக்கே இடமளித்தன. அரங்கை ஒழுங்காக வகுத்துக்கொண்டோருக்கு ஆட்டம் இன்னும் மிச்சமிருக்கிறது.